பூனை கக்கிய முடியும் நூறு பவுண்டு கல்லும்

விடியற்காலை நாலரை மணி. தருமபுரி பக்கம் ஏதோ ஒரு ஓட்டு வீடு. கட்டிலுக்கு அடியில் பூனை முதுகைக் குனித்து, கழுத்தை நீட்டி, 'ஹக்... ஹக்... ஹக்...' என்று ஆரம்பிக்கிறது. வீடே எழுந்துவிடும். மீன் முள் மாட்டிக்கிச்சு என்பார் ஒருவர். பக்கத்து வீட்டில் வைத்த எலி மருந்தைத் தின்ன எலியைத் தின்னிருக்கும் என்பார் இன்னொருவர். பல்லியை முழுங்கியிருக்கும் என்று பாட்டி முடிவே சொல்லிவிடுவார். இரண்டு நிமிடம் கழித்து, விரல் நீளத்துக்கு ஈரமான, பழுப்பான ஒரு திரி தரையில் விழும். பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய், வாசற்படியில் உட்கார்ந்து மறுபடி உடம்பை நக்க ஆரம்பிக்கும். பாட்டி மேலே சாம்பலைப் போட்டு, வாரிக் குப்பையில் கொட்டுவார். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இதே ஜாதிப் பொருளை ராஜாக்கள் தங்கக் கூட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். இதை நம்பி ஒரு சமையல்காரன் துடிதுடித்துச் செத்தான். இதை வைத்து லண்டனில் நடந்த ஒரு வழக்குதான், பி.காம். படிக்கிற எல்லோரும் வணிகச் சட்டத் தாளில் மனப்பாடம் செய்கிற ஒரு கோட்பாட்டின் தலைவாசல். நம்ப முடியவில்லையா? பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தத் திரி என்ன என்று பார்த்துவிடலாம். அது பூனையின் சொந்த முடி. (தமிழில் 'மயிர் உருண்டை' என்றுதான் சொல்ல வேண்டும். கவரிமானைப் பற்றிய குறளில் வள்ளுவர் கூச்சமில்லாமல் பயன்படுத்திய சொல்தான். ஆனால் இன்று அதை எழுதினால் திட்டுவது போல் ஆகிவிடுகிறது. எனவே முடி உருண்டை என்றே வைத்துக்கொள்வோம்.) பூனை விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால்வாசியை உடம்பை நக்கியே கழிக்கிறது. அதன் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அதில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முட்கள். நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. 2018-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இந்த முட்களைப் படம் பிடித்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றின் நுனியும் சின்னக் கரண்டி போல் குழிந்திருந்தது. அந்தக் குழியில் எச்சிலை ஏந்திக்கொண்டு போய் முடியின் அடி வரைக்கும் ஈரம் பாய்ச்சுகிறது பூனை. என்ன ஒரு இன்ஜினியரிங்!

இதில் ஒரே ஒரு சிக்கல். முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. நாக்கில் மாட்டிய முடியைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். விழுங்கிய முடியில் பெரும்பகுதி குடல் வழியாகச் சாணத்தோடு போய்விடும். மிஞ்சியது இரைப்பையில் சேர்ந்து திரளும். அது உணவுக்குழாய் வழியாகத் திரும்பி வரும்போது குழாயின் வடிவத்தை எடுத்துக்கொள்வதால்தான் உருண்டை உருண்டையாக இல்லாமல் திரியாக வருகிறது. பேர்தான் உருண்டை.

பூனை கொடுத்து வைத்தது, அதனால் வாந்தி எடுக்க முடியும். ஆடு மாட்டுக்கு அந்த வழி இல்லை. அசை போட மேலே கொண்டுவரும், ஆனால் வயிற்றில் சேர்ந்த முடியை வெளியே தள்ளாது. கன்றுக்குட்டிகள் தன்னையும் பக்கத்துக் கன்றையும் நக்கிக்கொண்டே இருக்கும். அந்த முடி இரைப்பையில் சேர்ந்து, இரைப்பை அசைய அசைய உருண்டு, நிஜமாகவே பந்தாகிவிடும். பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் ஆலம்பாடி மாடுகளோடு வாழ்ந்தவர்களுக்கும், ஆட்டுத் தொட்டியில் வேலை செய்தவர்களுக்கும் இது புதிதாக இருக்காது. ஆடுகளின் வயிற்றில் இன்னொரு வகையும் உண்டு. ஒரு துரும்பையோ விதையையோ முடியையோ நடுவில் வைத்து, அதன்மேல் சுண்ணாம்பு, பாஸ்பேட் உப்புகள் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் படிந்து, வழவழவென்று கல்லாகிவிடும்.

(இங்கே ஒரு குறுக்குச்சால். 'ஓ, கோரோசனையா?' என்று கேட்கத் தோன்றும். இல்லை. கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். இது இரைப்பையில் உண்டாவது. இரண்டும் மிருகத்தின் வயிற்றுக்குள் இருந்து வருவதால் பங்காளிகள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.)

இந்த இரைப்பைக் கல்லுக்குப் பாரசீகத்தில் வைத்த பெயர் 'பாத்ஸஹர்'. விஷமுறிவு என்று அர்த்தம். அரபு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னு ஸுஹ்ர் அவர்களில் முக்கியமானவர். வார்த்தை ஐரோப்பாவுக்குப் போய் உருமாறி 'பெசோர்' ஆயிற்று. அந்தக் கால ஐரோப்பிய ராஜாக்களுக்குப் பகைவனின் வாளைவிடச் சமையலறை மேல்தான் பயம் அதிகம். எந்தத் தட்டில் எவன் என்ன கலந்திருப்பானோ! சாப்பாட்டுக்கு முன் ஒரு பெசோர் கல்லைக் கோப்பையில் முக்கி எடுத்தால் விஷம் முறிந்துவிடும் என்று நம்பினார்கள். ஆட்டின் வயிற்றில் உருண்ட குப்பை அரண்மனைக் கஜானாவுக்குள் போனது இப்படித்தான். இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்திடமே பெசோர் கல் இருந்தது.

தகடூரை ஆண்ட அதியமான், ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனி கைக்கு வந்தபோது அதைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தான் என்பது தருமபுரிக்காரர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வளர்ந்த கதை. இந்த ராஜாக்கள் ஆட்டு வயிற்றுக் கல்லைக்கூட யாருக்கும் கொடுக்காமல் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சரக்கு எங்கிருந்து போனது? இங்கேதான் கதை தமிழர் கடலுக்குள் வருகிறது. கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர் கோவாவில் வாழ்ந்தவர். 1563-ல் அங்கேயே அச்சிட்ட அவருடைய மூலிகை, மருந்துப் பொருள் புத்தகம் இந்தியாவில் அச்சான ஆரம்ப காலப் புத்தகங்களில் ஒன்று. பாரசீகத்துக் கற்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, குமரி முனையைத் தாண்டி 'பசுக்களின் தீவு' ஒன்று இருப்பதாகவும், அந்தப் பக்கம் போகும் கப்பற்படை ஆட்கள் சாப்பாட்டுக்காகப் பெரிய பெரிய கிடாக்களை அறுத்தபோது வயிற்றில் இந்தக் கற்கள் கிடைத்ததாகவும் அதில் எழுதுகிறார். பிறகு என்ன ஆகும்? தீவுக்குப் போகிறவர்கள் கல்லுக்காகவே ஆட்டை அறுக்க ஆரம்பித்தார்கள். போர்த்துகீசியர்கள் பசுத் தீவு என்று கூப்பிட்டது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கிற நெடுந்தீவை. தமிழிலேயே அதற்குப் பசுத்தீவு என்றொரு பழைய பெயர் உண்டு. இன்று அங்கே திரியும் குதிரைகளைப் படம் எடுக்கச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். அந்தக் கிடாக்களை யாரும் நினைப்பதில்லை.

அடுத்த நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே, கோல்கொண்டா ராஜ்ஜியத்தில் நடந்த பெசோர் வியாபாரத்தை விவரிக்கிறார். அங்கே விவசாயிகள் ஆட்டின் வயிற்றைக் கையால் தடவிப் பார்த்தே உள்ளே எத்தனை கல் என்று சொல்லிவிடுவார்களாம். அந்த எண்ணிக்கைக்குத் தக்கபடி ஆட்டுக்கு விலை! சரக்கிருப்பு மதிப்பீடு என்று இன்று கணக்கியலில் படிக்கிறோமே, அதை ஆட்டின் தோலுக்கு மேலேயே செய்து முடித்திருக்கிறார்கள். விலை உள்ள இடத்தில் போலி வராமல் இருக்குமா? பசை, களிமண் எல்லாம் சேர்த்து உருட்டிய போலிக் கற்கள் வந்தன. அவற்றைக் கண்டுபிடிக்க வெந்நீரில் போட்டு நிறம் போகிறதா என்று பார்ப்பது போன்ற சோதனைகள் வந்தன.

அசல் கிடைக்காதபோது செயற்கையாகவே செய்துவிட்டால்? கோவாவில் இருந்த காஸ்பர் அந்தோனியோ என்ற ஏசு சபைச் சகோதரர் 17-ஆம் நூற்றாண்டில் அதையும் செய்தார். பெசோர் தூள், முத்து, பவளம், கஸ்தூரி என்று கண்டதையும் அரைத்து உருட்டி, மேலே தங்க ரேக் ஒட்டிய அந்த உருண்டைகளுக்குக் 'கோவா கல்' என்று பெயர். கொஞ்சம் சுரண்டித் தேநீரிலோ தண்ணீரிலோ கலந்து குடிப்பார்கள். தங்கக் கம்பி வேலைப்பாடு செய்த கூட்டோடு ஒரு கோவா கல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டைப் பார்த்தால் உள்ளே ஏதோ வைரம் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

கல் பாதிதான், சுத்தமான முடி உருண்டைக்கும் காலம் வந்தது. ஆல்ப்ஸ் மலையில் 'ஷாமோவா' என்ற காட்டு ஆட்டின் வயிற்றில் கிடைத்த முடியும் நாரும் கலந்த பந்தை 'ஜெர்மன் பெசோர்' என்று பெயர் வைத்து விற்றார்கள். 1660-ல் ஆக்ஸ்பர்க் நகர மருத்துவர் கெயார்க் ஹீரோனிமஸ் வெல்ஷ் இதைப் பற்றியே லத்தீனில் தனிப் புத்தகம் எழுதினார். பாட்டி சாம்பல் போட்டு அள்ளுகிற பொருளுக்குத் தனி நூல்!

சரி, இது வேலை செய்ததா என்று யாருமே சோதித்துப் பார்க்கவில்லையா? ஒருவர் பார்த்தார். அந்தக் கதை கொஞ்சம் கொடூரமானது. அம்புருவாஸ் பாரே, பிரான்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸின் அறுவை மருத்துவர். 1560-களில் ஒரு நாள், ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த பெசோர் கல்லைக் காட்டி மன்னர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். எல்லா விஷத்துக்கும் ஒரே முறிவு என்பது சாத்தியமே இல்லை, ஒவ்வொரு விஷமும் ஒவ்வொரு விதமாகக் கொல்கிறது என்று பாரே சொன்னார். வேண்டுமானால் தூக்குத் தண்டனைக் கைதி ஒருவனிடம் சோதித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். எஜமானரின் இரண்டு வெள்ளித் தட்டுகளைத் திருடியதற்காகத் தூக்கில் தொங்கவேண்டிய ஒரு சமையல்காரன் கிடைத்தான். விஷம் தருவோம், பிறகு கல்லைத் தருவோம், பிழைத்தால் விடுதலை. அவன் சந்தோஷமாக ஒத்துக்கொண்டான். தெரு நடுவில் தொங்குவதைவிட இது மேல் இல்லையா?

கொடுத்தது, சித்த மருத்துவத்தில் 'வீரம்' என்று சொல்லும் பாதரச உப்பு. கல்லும் கொடுக்கப்பட்டது. பாரே போய்ப் பார்த்தபோது அவன் நான்கு காலில் மிருகம் போல் தவழ்ந்துகொண்டிருந்தான். நாக்கு வெளியே, கண் சிவந்து, வாய், மூக்கு, காதெல்லாம் ரத்தம். சுமார் ஏழு மணி நேரம் துடித்து இறந்தான். இரண்டு வெள்ளித் தட்டுக்கு அந்தச் சாவு. கல்லை நெருப்பில் போடச் சொல்லிவிட்டார் மன்னர். பாரே 1575-ல் தன் நூல் தொகுப்பில் இதை எழுதி வைத்ததால்தான் தெரிகிறது. அதைப் படித்த பிறகாவது விற்பனை நின்றதா என்றால், இல்லவே இல்லை! கோவா கல்லெல்லாம் இதற்குப் பிறகு வந்த சரக்கு. (நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். முடியில் உள்ள கந்தகம் ஆர்சனிக் விஷத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது என்று பிற்கால வேதியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பாதாள அளவு பொய்யில் ஒரு சொட்டு உண்மை.)

இப்போது வணிகவியல் நண்பர்களுக்கான பகுதி. 1603. லண்டனில் சாண்ட்லர் என்ற பொற்கொல்லர் ஒரு கல்லைப் 'பெசோர் கல்' என்று சொல்லி லோபஸ் என்பவருக்கு நூறு பவுண்டுக்கு விற்றார். அந்தக் காலத்து நூறு பவுண்டு சாதாரணத் தொகை இல்லை. கல் அசல் இல்லை என்று பிறகு தெரிந்தது. லோபஸ் வழக்குப் போட்டார். தீர்ப்பு என்ன தெரியுமா? விற்றவர் அதைப் பெசோர் என்று 'சொன்னார்', அவ்வளவுதான். அது பெசோர் என்று 'உத்தரவாதம்' கொடுக்கவில்லை. அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றும் மனுவில் சொல்லப்படவில்லை. எனவே வழக்கு நிற்காது. ஒரே ஒரு நீதிபதி மட்டும் மறுத்தார்.

'கேவியட் எம்ப்டார்', அதாவது 'வாங்குபவரே, விழிப்பாக இருங்கள்' என்று தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, அதன் தொடக்க கால வழக்காகச் சட்டப் புத்தகங்கள் காட்டுவது இந்தச் 'சாண்ட்லர் எதிர் லோபஸ்' வழக்கைத்தான். 1930-ஆம் ஆண்டு இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதே விதியில் ஆரம்பித்து, உடனே விதிவிலக்குகளைச் சொல்கிறது. எந்தத் தேவைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குச் சரக்கு பொருந்தவேண்டிய பொறுப்பு அவருடையது. லோபஸ் இன்று தருமபுரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் ஜெயித்திருப்பார். நான்கு நூற்றாண்டு தாமதம், பாவம்.

இவ்வளவு வரலாற்றிலும் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? கல் யாருக்குப் பயன்படும், என்ன விலை, அசலா போலியா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆட்டுக்கு வயிறு வலித்ததா என்று கேட்டவர் இல்லை. முடி உருண்டை என்பது மிருகத்துக்கு வந்த ஒரு உபாதை என்ற எண்ணமே மிகப் பிந்தி வந்தது. அதை வரவழைத்ததும் அநேகமாகப் பூனைதான்.

அதிலும் ஒரு வேடிக்கை. பெசோர் கல்லுக்குப் பேர்போன பாரசீக மாகாணம் குராசான். 1620-ல் இஸ்பகானிலிருந்து கடிதம் எழுதிய இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வால்லே, அதே குராசானைச் சேர்ந்த நீள முடிப் பூனைகளைப் பார்த்துச் சொக்கிப் போகிறார். சாம்பல் நிறம், பட்டு மாதிரி முடி, வால் முழுக்கக் குஞ்சம். நான்கு ஜோடியை ரோமுக்குக் கொண்டு போக வைத்திருப்பதாகச் சொல்கிறார். போர்த்துகீசியர்கள் இவற்றை ஏற்கெனவே இந்தியாவுக்குக் கொண்டு போய்விட்டதாகவும் எழுதுகிறார். ஆக, கல்லும் பூனையும் ஒரே ஊர்ச் சரக்கு! 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பெரிய பூனைக் கண்காட்சிக்குப் பிறகு, முடி எவ்வளவு நீளமோ அவ்வளவு பரிசு என்று இனவிருத்தி செய்தார்கள். மனிதர்கள் முடியை நீட்டிக்கொண்டே போனார்கள். நாக்கு மட்டும் எலி பிடிக்கிற பழைய காட்டுப்பூனையின் நாக்காகவே இருந்தது. நீள முடிப் பூனைகளுக்கு முடி உருண்டை அதிகம் வருவதற்குக் காரணம் இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. இன்று தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூடப் 'பெர்சியன் கேட்' வளர்ப்பது பெருமை. சித்திரை வெயிலில் அந்தக் கம்பளியோடு அது படும் பாடு அதற்குத்தான் தெரியும்.

நாட்டுப் பூனையின் வைத்தியத்தை அதுவே பார்த்துக்கொண்டது என்றுதான் நம் ஊர் நினைத்தது. குப்பைமேனிச் செடிக்குத் தமிழில் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து, உரசி, உருண்டு புரளும். வெள்ளைக்காரர்களின் 'கேட்னிப்' செடி மாதிரி. அதே குப்பைமேனி இலைச் சாறு குழந்தைகளுக்குச் சளியை வாந்தியாக வெளியேற்றும் கைமருந்தாகவும் இருந்தது. 1868-ல் வேரிங் தொகுத்த 'இந்திய மருந்து நூலில்' சென்னை மருத்துவர் பிடி அதைப் புகழ்ந்திருக்கிறார். பெயரும் குணமும் பொருந்துகிறதே என்று பூனைக்கு அதைப் புகட்டிப் பார்த்துவிடாதீர்கள். பூனை அதன் வாசனைக்குத்தான் மயங்குகிறது, மருந்து சாப்பிட வரவில்லை.

புல் விஷயமும் அப்படியே. பூனை புல் தின்பது முடியை வாந்தி எடுக்கத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்ததில், புல் தின்னும் பூனைகளில் பெரும்பாலானவை அதற்கு முன் எந்த நோயும் காட்டவில்லை, பின்னால் எப்போதாவதுதான் வாந்தி எடுத்தன. நீள முடிப் பூனையும் குட்டை முடிப் பூனையும் ஒரே மாதிரிதான் தின்றன. குடல் புழுவை வெளியே தள்ள முன்னோர் காலத்தில் வந்த பழக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். அருகம்புல் தின்றால் தடுக்க வேண்டாம். பூச்சி மருந்து அடித்த வரப்புப் புல்லாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

படித்த மருத்துவர்கள் பூனையிடம் வந்து சேரத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே தொடங்கிவிட்டது. பெயரிலேயே இருக்கிறதே, 'கால்நடை'. மாடு, குதிரை, ஆடு. பூனை அந்த வார்த்தைக்குள் சிரமப்பட்டுத்தான் நுழைய வேண்டும். உலகத்திலும் அப்படித்தான். பூனை நோய்களுக்காகவே பிரிட்டனில் ஒரு அமைப்பு உருவானது 1958-ல். பூனை மருத்துவத்துக்கென்றே ஒரு ஆய்விதழ் 1999-ல்தான் வந்தது. அந்த இதழில் 2013-ல் மார்த்தா கேனன் என்ற பூனை மருத்துவர் எழுதிய கட்டுரை இந்த வரலாற்றில் ஒரு திருப்பம் என்று சொல்லலாம். முடி உருண்டை சகஜமான தொந்தரவா, அல்லது உள்ளே ஏதோ கோளாறு என்பதன் அறிகுறியா என்பதுதான் அவருடைய கேள்வி. அடிக்கடி வந்தால் இரண்டு காரணம் பார்க்க வேண்டும் என்கிறார். ஒன்று, பூனை அளவுக்கு மீறி முடியை விழுங்குகிறது (உண்ணி, தெள்ளுப்பூச்சி, தோல் அரிப்பு, பதற்றம்). மற்றொன்று, விழுங்கியதை நகர்த்த முடியாமல் குடல் சோர்ந்திருக்கிறது. அதாவது உருண்டைக்கு மருந்து தேடாதே, உருண்டை ஏன் வந்தது என்று தேடு.

இதை மனதில் வைத்துப் பார்த்தால், வீட்டில் செய்ய வேண்டியது ரொம்பக் கம்மி. மாதத்துக்கு ஒருமுறையோ இன்னும் அரிதாகவோ ஒரு திரி வந்து, பூனை உடனே பழையபடி சாப்பிட்டு விளையாடினால் பயப்பட ஒன்றும் இல்லை. தெள்ளுப்பூச்சி இருந்தால் ஒழிக்க வேண்டும். ஆனால் நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனை மேல் தடவக் கூடாது. நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், உயிரே போகும். தண்ணீர் இரண்டு மூன்று இடத்தில் வைக்கலாம். முடி உருண்டைக்கென்றே விற்கும் நார்ச்சத்துத் தீவனங்களும், பெட்ரோலியம் ஜெல்லி சேர்த்த பசைகளும் கடைகளில் உண்டு. சில பூனைகளுக்கு உதவலாம், மருத்துவரைக் கேட்டு அளவோடு தருவது நல்லது. நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ வாயைப் பிளந்து ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம். திமிறுகிற பூனையின் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் முடியும்.

இனி, 'முடிதான், சரியாயிடும்' என்று விடக்கூடாத நிலை. ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் வெளியே வரவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. சாணம் போகவில்லை. மூலையில் சுருண்டு கிடக்கிறது. முடி குடலில் போய் அடைத்திருக்கலாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கழுத்தைத் தரையோடு நீட்டி இருமுகிறது, உருண்டையே வருவதில்லை என்றால் அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். பூனைக்கும் ஆஸ்துமா வரும். முடி என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டு, மூச்சுத் திணறலில் கொண்டு ஓடுகிறவர்கள் நிறைய. அன்றே தருமபுரி அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, தேவைப்பட்டால் சேலம் தாண்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போக வேண்டும். மாடு வரிசையில் பூனைக் கூடையோடு நிற்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைக்காரர் 'இந்தப் பசை ஒரு டியூப் போதும், ஜென்மத்துக்கும் முடி வராது' என்று சொன்னால் லோபஸை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்வது வேறு, உத்தரவாதம் வேறு. எந்தப் பூனைக்கு, எதற்காக என்று சொல்லி, பில் போட்டு வாங்குங்கள். 16-ஆம் பிரிவு அப்போதுதான் கைகொடுக்கும்.

உருண்டையை வராமல் குறைப்பதில் நிச்சயமான வழி, பூனை விழுங்குவதற்கு முன் அந்த முடியை மனிதர் எடுத்துவிடுவது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நீள முடி என்றால் தினமும், சாப்பிட்டு முடித்துச் சோம்பலாகப் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து, முடி போகும் திசையிலேயே மெதுவாக வார வேண்டும். வெயில் ஏறும் மாதங்களில் முடி அதிகம் கொட்டும், அப்போது இன்னும் கூடுதலாக. அதற்கென்று தனிச் சாமான்கள் விற்கின்றன. குட்டை முடி நாட்டுப் பூனைக்கு அதெல்லாம் அவசியமே இல்லை. பாட்டியின் பெட்டியில் கிடக்கும் நெருக்கமான பல் வைத்த பேன் சீப்பு போதும். முடியும் வரும், அதோடு தெள்ளுப்பூச்சியும் மாட்டும். அந்தச் சீப்பைத் திருப்பித் தலைக்குப் போடாமல் பூனைக்கே விட்டுவிட்டால் சரி.